மைக் மேடமும் மாடியில் இருந்த சாவியும்

பெங்களூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தை நிறுத்த வேண்டுமானால் பந்த் அறிவிக்க வேண்டும். எங்கள் மைக் மேடத்துக்கு ஒன்றுக்கு வந்தாலே போதும்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து அலுவலகம். நான் அங்கே சூப்பரின்டென்டன்ட். மேடம் கவுன்டரில் உட்கார்ந்து மைக்கில் டோக்கன் கூப்பிடுவார். லிங்கராஜபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்து வீல்சேருக்கு மாறுவார். குரல் அவருக்கு முன்பே உள்ளே வந்துவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று கீழே ஒரு கழிப்பறை கட்டியிருந்தோம். ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம், பூட்டினோம். சாவி மாடியில், கேர்டேக்கர் மஞ்சுநாத்திடம். லிஃப்ட் கிடையாது.

"சாவியக் கீழ குடுத்துடேன்பா," என்றார் மேடம்.

"பேட மேடம், வேணாம். தொறந்து வச்சா எல்லாரும் போய் கலீஜ் பண்ணிடுவாங்க."

"எல்லாரும் போறதுக்குத்தானேப்பா கக்கூஸ் கட்டுறது? பூஜை பண்றதுக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி; மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

சாவி கீழே வர ஒரு குறிப்பு எழுத வேண்டும். மேலிடம் கருத்துக் கேட்கும். கருத்தின் மேல் விளக்கம் கேட்கும். நடைமுறை எனக்கு மனப்பாடம். ஆகவே அது நடக்காது என்பதும் தெரியும்.

மேடம் மைக்கைப் பிடித்தார். ஹாலில் நிற்க இடமில்லாத ஒரு திங்கட்கிழமை.

"பொதுமக்கள் கவனத்துக்கு. கவுன்டர் மேடத்துக்குப் பாத்ரூம் போகணும். சாவி மாடியில இருக்கு. அது கீழ வர்ற வரைக்கும் டோக்கன் கூப்பிட மாட்டாங்க."

அதையே கன்னடத்திலும் சொன்னார். கறிக்கடை பாய் ஒருவர் படிக்கட்டடியில் நின்று கத்தினார்: "ஏய் சாவி! பேக வாப்பா, சீக்கிரம்! அந்தம்மா போனாத்தான் நான் கடைக்குப் போக முடியும்!"

மஞ்சுநாத் சாவியோடு உருண்டோடி வந்தார். கதவைத் திறந்தால் துடைப்பம், கால் போன நாற்காலி, போன ஆயுத பூஜைத் தோரணம். ஜனங்களே தூக்கி வெளியே போட்டார்கள். மேடம் சுவரிலிருந்த கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அதுவும் ஆடியது. அதை நம்பித்தான் அவர் வீல்சேரை விட்டு நகர வேண்டும்.

மறுபடி மைக். இந்த முறை மாடியிலிருந்து இறங்கியவர் கழிப்பறையைக் கட்டிய இன்ஜினியர்.

"ஸ்ட்ராங்கா இருக்கு மேடம். அப்ரூவ்டு மெட்டீரியல்."

"அப்ப மொதல்ல நீங்க தொங்கிக் காட்டுங்க சார்."

ஹாலே வேடிக்கை பார்த்தது. இன்ஜினியர் பிடித்தார், காலைத் தூக்கினார். கம்பி, டைல், இன்ஜினியர் மூன்றும் ஒன்றாகத் தரையிறங்கின.

"ஐயோ, இடுப்பு போச்சு மேடம்!"

"பாத்து சார். இனிமே கைப்பிடி இருக்கிற கக்கூஸாப் பாத்துப் போங்க."

அன்று மேடம் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த்தான் வந்தார். அதுவரை டோக்கனும் காத்திருந்தது. மறுநாளே சுவரைத் துளைத்து, சிமென்ட் வைத்து, புதுக் கம்பி போட்டார்கள். மஞ்சுநாத் பூட்டையே கழற்றிவிட்டார். கோப்பே இல்லாமல் ஒரு வேலை முடிந்ததை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி, பேங்க், ரயில்வே ஸ்டேஷன் எங்கே போனாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குள் நுழைந்து கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கிறேன். காவலாளிகள் ஒரு மாதிரி பார்த்து, யாருக்காக என்று கேட்கிறார்கள்.

"எங்க ஆளு ஒருத்தங்க இந்தப் பக்கம் வந்தாலும் வருவாங்கப்பா," என்கிறேன்.