தூதர் என்று சொல்லக் கூடாத தூதர்

மனிதர்களில் ஓர் அபூர்வ இனம் உண்டு. தூதர் வேலை பார்ப்பார். ஆனால் தூதர் இல்லை. நீங்கள் இதுவரை இவரைச் சந்தித்ததில்லையா? உங்கள் மேல் குற்றமில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் அவருடைய உத்தியோகமே.

தைவான் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கொடி இருக்கிறது, ராணுவம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, அவ்வப்போது நிலநடுக்கம்கூட இருக்கிறது. உங்கள் செல்போனுக்குள் இருக்கும் சில்லும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அதை நாடு என்று சொல்ல மட்டும் முக்கால்வாசி உலகத்துக்கு வாய் வராது. எதிர்க்கரையில் இருக்கிற பெரிய வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஆகவே எல்லோரும் அதனுடன் வியாபாரம் பேசுவார்கள், விருந்துக்குப் போவார்கள், தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள், வாசலில் யாராவது கேட்டால், “யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறது” என்பார்கள். அந்தத் ‘தெரிந்தவர் மாதிரி’தான் நம் ஆள்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மற்றவர்களுக்கு ‘தூதரகம்’ என்று ஒரே சொல்லில் வேலை முடிந்தது. இவர் பலகையில் பொருளாதாரம் இருக்கும், கலாசாரம் இருக்கும், மையம் இருக்கும், தலைநகரின் பெயர்கூட இருக்கும். நாட்டின் பெயர் மட்டும் இருக்காது. லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அதைப் படித்து முடித்தவர் கிடையாது.

அடுத்து விருந்துகள். “எல்லாரும் ஒரு குரூப் போட்டோ!” என்று யாராவது கூவிய அடுத்த கணம், ஒருவர் மட்டும் கைகழுவப் போவார். அவர்தான். மேடையில் பேசச் சொன்னால், “ஒரு நண்பர் என்ற முறையில்” என்று ஆரம்பித்து, நட்பு, மழை, தேநீர் என்று போய், எந்த ஊர்க்காரர் என்பதே தெரியாதபடி அழகாகப் பேசி முடிப்பார். கைதட்டல் பலமாக இருக்கும். பிறகு எல்லோருக்கும் அன்னாசி கேக் கொடுப்பார். கேக் டப்பாவில் மட்டும், கவனித்தீர்களா, நாட்டின் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும். கேக்குக்கு உள்ள தைரியம் அவருக்குக் கிடையாது. அவரைக் குறை சொல்லாதீர்கள். கேக்குக்குப் பதவி உயர்வு வேண்டியதில்லை.

ஏனென்றால் இந்த உத்தியோகத்தில் எதையாவது சாதித்தவரைவிட, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டவரே மேலே போவார். அவர்கள் அகராதியில் ‘சம்பவம்’ என்பது கெட்ட வார்த்தை. ஒரு போட்டோ வெளியே போகும். எதிர்க்கரைக்காரர் கண்டனம் அனுப்புவார். விருந்தளித்தவர்கள் கையைப் பிசைவார்கள். நம் ஆளைத் திரும்ப அழைத்து, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஓய்வு பெறும்வரை உட்கார வைப்பார்கள். அதுதான் சம்பவம்.

நம் பெங்களூரில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் குவோ. போன ஊர்களிலெல்லாம் இரண்டாம் நாற்காலியிலேயே உட்கார்ந்து, சம்பவமே இல்லாமல் தலை நரைத்தவர். கடைசியாக ஓர் ஐரோப்பிய நகரத்தில் முதல் நாற்காலி கிடைக்கும்போல் இருந்தது. உத்தரவு எந்த நாளும் வரலாம். வீட்டம்மா குளிர்கோட்டுகூட வாங்கிவிட்டார். இந்த நேரம் பார்த்துத்தான் தமிழர்கள் நிறைந்த மர்பி டவுன் பேட்டையின் கால்பந்து கிளப் ஒரு மேட்ச்சுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது. அவருடைய அலுவலகம் கிளப் பையன்களுக்கு ஜெர்சி கொடுத்திருந்தது, மறுக்க முடியவில்லை.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் லாவண்யா, கிளப் செயலாளர் முனிகிருஷ்ணனிடம் போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

“அண்ணா, பேரு மட்டும் போடுங்க. திரு குவோ, நண்பர். அவ்ளோதான்.”

“நண்பரா? இன்னாம்மா நீ! போன வருஷம் வந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கே ‘கல்வித் தந்தை’ன்னு போட்டோம். இவரு ஃபாரின்ல இருந்து வர்றாரு. நண்பர்னு போட்டா ஏரியாவுல காறித் துப்புவாங்க.”

“அண்ணா, ப்ளீஸ்ணா.”

“நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கொடி கட்ட முடியாத கார் எதற்கு என்று எப்போதும் போல மெட்ரோவில் வந்து, அல்சூரில் இறங்கி, லாவண்யாவோடு நடந்து மைதானத்து வாசலுக்கு வந்த குவோ, அங்கேயே நின்றுவிட்டார். மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். ‘தைவான் நாட்டுத் தூதர், கால்பந்தின் காவலர், மாண்புமிகு குவோ அவர்களே, வருக வருக!’ அவருக்கும் புரியட்டுமே என்று அதையே கீழே ஆங்கிலத்திலும் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட கமிட்டி உறுப்பினர்கள் வட்ட வட்டப் படங்களில் சிரித்தார்கள். இத்தனைக்கும் மேலே, சிவப்புத் துணியும் நீல மூலையும் வெள்ளைச் சூரியனுமாக, தைவான் கொடி.

குவோ இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், தெருமுனையில் பேல்பூரி தின்றுகொண்டிருந்த இரண்டு பேரைச் சந்தேகத்தோடு பார்த்தார். முனிகிருஷ்ணன் மாலையோடு ஓடி வந்தார்.

“எப்படி சார் நம்ம பேனர்?”

“தயவுசெய்து இதைக் கழற்றச் சொல்லுங்கள்” என்றார் குவோ. லாவண்யா தமிழில் சொன்னாள்.

“ஏம்மா, பேரு தப்பா?”

“இல்லண்ணா.”

“கொடி தப்பா? நெட்ல பாத்துதான் எடுத்தோம்.”

லாவண்யா கேட்டுச் சொன்னாள். “கொடியும் கரெக்ட்தானாம்.”

“நாடு?”

“அதுவும்.”

“எல்லாம் கரெக்டா இருந்தா அப்புறம் இன்னாதான் தப்பு?”

அத்தனை வருட சர்வீஸில் குவோ பதில் சொல்லாமல் நழுவத்தான் பழகியிருந்தார். “எல்லாம் சரியாக இருப்பதுதான் தப்பு” என்றார் இந்த முறை.

லாவண்யா பையன்கள் பக்கம் திரும்பினாள். “யாராச்சும் போட்டோ எடுத்துப் போட்டுட்டீங்களா?” என்று கத்தினாள்.

“இல்லக்கா” என்றான் கோல்கீப்பர் யுவன். “சீஃப் கெஸ்ட்டோட சேத்து எடுத்துப் போடலாம்னு வெயிட் பண்றோம். சார் கொஞ்சம் அப்படி நின்னா முடிஞ்சுது.”

அவள் குவோவின் கதையை, நாற்காலி, எதிர்க்கரை, ஜன்னல் இல்லாத அறை உட்பட, மூச்சு விடாமல் முனிகிருஷ்ணனிடம் ஒப்பித்தாள். வாயைத் திறந்தபடி கேட்ட முனிகிருஷ்ணன் கையில் இருந்த மாலையைக் கீழே இறக்கினார்.

“இதுதானா விஷயம்? முன்னாடியே சொல்றதுக்கென்ன? நம்ம பசங்க வேலைக்கு அப்ளிகேஷன் போடறப்ப அட்ரஸ்ல மர்பி டவுன்னா போடறானுங்க? இந்திராநகர் பக்கம்னுதான் போடறானுங்க. மர்பி டவுன்னு பாத்தா இன்டர்வியூக்கே கூப்பிட மாட்டான். சார் நம்ம ஆளும்மா! டேய் யுவா, கயித்த அவுறுடா. எல்லாரும் போன உள்ள வைங்கடா!”

லாவண்யா இதை மொழிபெயர்த்தாள். யுவன் கம்பத்தில் ஏறினான்.

“ஒரு நிமிடம்” என்றார் குவோ.

கோட்டைச் சரிசெய்துகொண்டார். ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே போய், கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கைகளைப் பக்கவாட்டில் விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கொடியின் கீழ் வெயிலில் நிற்க அவருக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் வாய்ப்பு.

“ஒரு போட்டோ எடுக்கவா சார்? யாருக்கும் காட்ட மாட்டோம்” என்றான் யுவன்.

“வேண்டாம்.”

நின்றார். பிறகு அவரே கையை அசைத்தார், ஃபிளெக்ஸ் இறங்கியது. முனிகிருஷ்ணன் அதைச் சுருட்டிக்கொண்டே, “வேற எந்த நாட்டுத் தூதராச்சும் வந்தா பேர மட்டும் மாத்திக்கலாம்” என்று ஆறுதல் சொன்னார். மேட்ச் நடந்தது. மைக்கில் ‘நண்பர் குவோ’ என்றுதான் சொன்னார்கள். ஒரு சம்பவமும் இல்லை. அடுத்த சில நாட்களில் உத்தரவும் வந்துவிட்டது.

ஆனால் இந்த இனம் தைவானோடு முடிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அன்று மாலை திரும்பி வந்த மெட்ரோவில் நடந்ததைக் கேளுங்கள்.

கூட்டம் நெரிந்தது. லாவண்யாவின் போன் அடித்தது. திரையில் அவள் அம்மாவின் படம். எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, “ஆமேலே மாத்தாடுத்தீனி” என்று, அப்புறம் பேசுகிறேன் என்பதைக் கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் அன்பாக ஊரைக் கேட்டார், “யாவ ஊரம்மா நிம்து?”

“ஹொசூர் ஹத்ர” என்றாள் லாவண்யா. ஓசூர் பக்கம்.

“ஹௌதா? நம்ம மகளு அல்லே கெலஸ மாடோது!” என்று தன் மகள் வேலை பார்க்கும் ஊர் வந்த சந்தோஷத்தில் அந்த அம்மாள் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

குவோ எல்லாவற்றையும் தொழில்முறை அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் கேட்டார்.

“அது உங்கள் அம்மாதானே? அவருக்குக் கன்னடம் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“உங்கள் ஊர் ஓசூரா?”

“விருதுநகர் சார். ஓசூர் தாண்டி அப்படியே ரொம்ப தூரம் போகணும்.”

“உண்மையைச் சொன்னால் யார் கோபித்துக்கொள்வார்கள்?”

லாவண்யா கொய்யாப்பழத்தைப் பார்த்தாள். “தெரியல சார். இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல.”

குவோ பிளாட்ஃபாரத்திலேயே அவளுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். “எனக்காவது எதிர்க்கரையில் ஒருவர் இருக்கிறார்” என்றார். “எத்தனை வருடமாக நீங்கள் இந்தச் சேவையில் இருக்கிறீர்கள்?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது சரி, மெட்ரோவில் உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்? தமிழ் எழுத்து வெளியே தெரியாதபடி பத்திரிகை அட்டையை ஏன் உள்பக்கமாக மடக்கிப் பிடித்திருக்கிறீர்கள்?