ஆமென் சொன்ன சாலோமி

"மத்தியானத்துக்கு என்ன வைக்கட்டும்? மீன் குழம்பா, முருங்கைக்காயா?"

சாலோமி கேட்டது காற்றோடு போயிற்று. அவள் புருஷன் சத்தியநேசன் காப்பியைக் குடித்தான், தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்தான், வாத்தியார் வேலைக்குப் புறப்பட்டுவிட்டான்.

கல்யாணமாகி ஒரு மாதம். உடன்குடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவளுக்குப் பாளையங்கோட்டையில் பேச்சுத்துணை இல்லை. தன் குரலே தனக்கு அந்நியமாகிவிட்டது. கோயிலில் பாதிரியார் அவளை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நிறுத்தினார். "இனி அதுதான் உன் இடம்" என்று அம்மாவும் சொல்லியனுப்பினாள். அதன்படி இடப்பக்கமே நின்று பரிமாறினாள், இடப்பக்கமே உட்கார்ந்து விசிறினாள். புதுப்பெண்ணாயிற்றே, தலை குனிந்து மெல்லத்தான் பேசினாள். அந்த மனுஷன் திரும்பிப் பார்த்தால்தானே!

அடுத்த வீட்டு ஜெபகனி யோசனை சொன்னாள்.

"கிட்டக்கப் போயி பைய பேசுட்டி. சத்தம் போட்டா ஆம்பளையளுக்குப் பிடிக்காது."

மறுநாள் காலையில் சாலோமி அவன் இடது தோளருகே குனிந்தாள். "எம்மேல கோவமா?"

அவன் துள்ளி விழுந்தான். சூடான காப்பி சட்டை முழுவதும் வழிந்தது. துடைத்துக்கொண்டு போனானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் மட்டும் உருகினான். "ஆண்டவரே, வந்த நாள்முதல் ஒரு வார்த்தை பேசாதிருக்கிற இவளுடைய வாயைத் திறந்தருளும்."

பழக்க தோஷத்தில் சாலோமி, "ஆமென்" சொல்லிவிட்டாள். அப்புறம்தான் சுரீரென்றது. பேசிப் பேசித் தொண்டை வற்றியவளையா கேலி? அதுவும் கடவுளைத் துணைக்கு வைத்துக்கொண்டு!

விடிந்ததும் தகரப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். அவனுக்கு இடப்பக்கம் போய் நின்றாள்.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துருதேன்."

அவன் பெட்டியைப் பார்த்தான். முகம் சுருங்கியது. எங்கோ போய் வில்வண்டியோடு திரும்பி வந்தான்.

"அம்மாவத் தேடுது போல. போயிட்டு வா" என்றான்.

ஒரு மாதமாக ஏங்கிய பேச்சு, இப்படியா வரவேண்டும்! சாலோமிக்கு அழுகை முட்டியது. வண்டியில் ஏறிக்கொண்டாள். அவன் தகப்பன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டும் சொரிமுத்து கயிற்றைப் பிடித்தான். சத்தியநேசன் சக்கரத்தில் இடது கையை வைத்து, தெருவைப் பார்த்தபடி நின்றான்.

"எனக்குப் போக மனசில்லங்க. உங்ககூட இருக்கணும்" என்றாள் சாலோமி, கடைசி முறையாக.

அவன் அசையவில்லை. சொரிமுத்துதான் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் கேட்டுச்சு, தாயி. ஐயாவுக்குப் பிறந்ததுலருந்தே இடது காது கேக்காதுல்லா. எறங்கி வலப்பக்கமா வந்து சொல்லுங்க."