தட்டில் இல்லாத தேங்காய்

பதில் தெரியாத கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன். எனக்கு இப்படி ஒரு வியாதி இருப்பது, திண்டிவனத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் அத்தனை பேர் முன்னாலும் அம்பலமானது.

1996. விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் நான் கணக்கு வாத்தியார். (எம்.எஸ்சி. முடித்த திமிர் வேறு.) அன்று ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். பெண்ணைப் பிடித்திருந்தால் அதற்குள் தாம்பூலத் தட்டு மாற்றி உறுதி செய்துவிடுவதாகப் பேச்சு. எனக்கோ பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அதுதான் வினையாகிப் போனது.

"கணக்கு வாத்தியாருன்னு சொன்னாங்க. பிரபஞ்சத்துக்கு முடிவு இருக்குதுங்களா?" என்று கேட்டாள் மலர்க்கொடி. அவள் இயற்பியல் படித்தவள். மணி நாலு.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முடிவிலி என்பது ஒன்றல்ல. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் தீராது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண்களை வரிசையாக எண்ணவே முடியாது. அந்த முடிவிலி இன்னும் பெரியது.

"அப்புறம், விளிம்பு இல்லாதது வேற, அளவு இல்லாதது வேறங்க." தட்டிலிருந்த தேங்காயைக் கையில் எடுத்தேன். "இதுமேல ஒரு எறும்பு நடந்துகினே இருந்தா விளிம்பே வராது. ஆனா தேங்கா இவ்ளோதான்."

"தேங்காய வெய்டா," என்றார் அம்மா, மெதுவாக.

"ஒரு நிமிஷம்மா."

எறும்பு தேங்காயைப் பல முறை சுற்றியது. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரை தாண்டிட்டுதுங்க. இனிமே தட்டு மாத்த முடியாது."

என் மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கெளம்புடா. சகுனமே சரியில்ல."

தேங்காயும் கையுமாக நின்றேன். இவளை இழந்துவிடுவேனோ என்ற பயம் மட்டும் நிஜமாக இருந்தது.

மலர்க்கொடிதான் பேசினாள். "ஆறு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிடும்ப்பா. அதுவரைக்கும் இருக்கட்டும். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

இரண்டு குடும்பமும் ஒன்றரை மணி நேரம் வேகவைத்த மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) உரித்தபடி உட்கார்ந்திருந்தது. மாமாவின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு முடிவிலி அன்று புரிந்தது.

ஆறு மணிக்குத் தேங்காயைத் தட்டில் வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க. முடிவு இருக்குதா, இல்லையா?"

"தெரியலங்க. யாருக்குமே இன்னும் உறுதியா தெரியல."

"இத நாலு மணிக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

தட்டு மாறியது. இன்றும் நான் வீட்டில் எதையாவது விளக்க ஆரம்பித்தால், என் மகள் சமையலறைக்குப் போய் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறாள். "தெரியாது" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சட்னியாவது நேரத்துக்குக் கிடைக்கிறது.