ஒன்றும் ஆகாதவர் குலமும் ஓர் ஈயக் குழாயும்

உலகத்தில் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' குலம் என்று ஒன்று உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நாற்பது வருடம் தலைக்கவசமில்லாமல் சைக்கிள் ஓட்டியவர், தேதி முடிந்த மாத்திரையை 'மாத்திரைக்குத் தேதி பார்க்கத் தெரியுமா?' என்று கேட்டு விழுங்குகிறவர், பாலாடைக்கட்டியில் பூஞ்சையை மட்டும் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை விருந்தாளிக்கு நீட்டுகிறவர், எல்லோரும் ஒரே குலம், ஒரே வேதம். அந்த வேதத்துக்கு மொத்தம் ஒரே வரிதான். "எனக்கு ஒண்ணும் ஆகலையே!" ஆகியிருந்தால் அதைச் சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டாரே என்பது மட்டும் அவர்கள் புத்திக்கு எட்டாது.

இந்தக் குலத்தின் கொழுந்து ஒன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில், 1893-இல் கட்டிய கல் வீடு ஒன்றில் வாழ்ந்துவந்தது. பெயர் டூகல் ராமேஜ். வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் தபால்காரர். ஆயுள் முழுக்க ஊராருக்குக் கடிதம் கொண்டு போய்க் கொடுத்தாரே தவிர, தனக்கு வந்த ஒரு கடிதத்தையும் அவர் நம்பியதில்லை.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. தண்ணீர் நம்பிக்கை மட்டும் அசையவில்லை. ஸ்காட்லாந்துத் தண்ணீர் சுண்ணாம்பு கலக்காத மென்மையான தண்ணீர், அதில் போட்ட டீக்கு ஈடில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். லண்டனிலிருந்து மைத்துனர் வந்தால் போச்சு. "உங்க ஊர் சுண்ணாம்புத் தண்ணி டீல மேல ஏடு மெதக்குமே, அது டீயா, சோப்புத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியே காட்டுவார்.

தினமும் காலை ஐந்தரைக்கு எழுவார். குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்புவார். ஒரு கோப்பை டீ தனக்கு, ஒரு கோப்பை மாடியில் படுத்திருக்கும் மனைவி எல்ஸ்பெத்துக்கு. இரண்டு மாதமாக மூன்றாவதாகவும் ஒரு கோப்பை மாடி ஏறியது. மகள் ரோனா ஆறு மாதக் கர்ப்பம். அவளுடைய வீட்டுக் கூரை வேலை முடியும்வரை கணவனை அங்கே காவலுக்கு விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். பேரனோ பேத்தியோ, முதல் பேரக்குழந்தை. மகளின் தலைமாட்டில் அந்தக் கோப்பையை வைத்துவிட்டு இறங்கும்போது டூகலுக்கு உலகத்தில் வேறெந்தக் குறையும் தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் தண்ணீர்க் கம்பெனியின் கடிதம் வந்தது. உங்கள் தெருவின் பழைய வீடுகளில் ஈயக் குழாய் இருக்கலாம், ஈயம் தண்ணீரில் கரைந்தால் மூளைக்கு விஷம், உடனே பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருந்தால் தாமதிக்க வேண்டாம், அதற்காகக் கலவரப்படவும் வேண்டாம். ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பார்களே, அதே பாணி.

"இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் எழுபத்தோரு வருஷம் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!" என்றார் டூகல்.

"ஆகலையா? நேத்து மூக்குக் கண்ணாடிய வெண்ணெய் டப்பாக்குப் பக்கத்துல ஃப்ரிட்ஜ்ல வெச்சது யாரு?" என்றாள் எல்ஸ்பெத்.

"அது வயசு."

"நாப்பது வயசுலயும் வெச்சியே, டூகல்."

ரோனா சண்டைக்குப் போகவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் சோதிக்கும் விதம் போட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டே எழுந்தாள். டூகல் முந்திக்கொண்டு சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, மின்னுகிற செம்புக் குழாயை அமைச்சர் பாலம் திறந்துவைப்பது போலக் காட்டினார்.

"செம்பு! நானே நின்னு போட வெச்சது!"

"அது உள்ள வர்ற கடைசித் துண்டுப்பா. தெருவுலேர்ந்து வீட்டுக்குள்ள எங்க நுழையுதுன்னு பாக்கணுமாம்."

"மாடிப்படிக்குக் கீழ," என்றாள் எல்ஸ்பெத். கட்டின கணவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு அரை நொடி போதுமாக இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு அலமாரியிலிருந்து துடைப்பம், கூடாரம், பழைய தபால் பை, உடைந்த கூடை நாற்காலி எல்லாம் வெளியே வந்தன. சுவரோரம் ஒரு குழாய். அதற்கு டூகல் ஒரு காலத்தில் சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார். அழகுக்காம். அலமாரிக்குள் இருக்கிற குழாயை யார் அழகு பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். பூட்டிய பெட்டிக்கும் உறை தைத்துப் போடுகிற குலம் அது.

ரோனா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த பறவைப் பொம்மைக் காந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தாள். காந்தம் ஒட்டாமல் பொத்தென்று விழுந்தது. அப்படியானால் இரும்பு இல்லை. கடிதத்தில் அடையாளம் சொல்லியிருந்தபடியே குழாயின் இணைப்பு ஒரு இடத்தில் எலி விழுங்கிய பாம்பு போலப் புடைத்திருந்தது. இருபது பென்ஸ் நாணயத்தின் விளிம்பால் பெயின்ட்டைச் சுரண்டினாள். கீழே மங்கிய சாம்பல் நிறம். இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நாணயம் மெத்தென்று இறங்கியது. உள்ளே பளபளவென்று வெள்ளி நிறம்.

"ஈயம்ப்பா."

"வெள்ளியாக்கூட இருக்கலாம்," என்றார் டூகல். "அந்தக் காலத்து ஆளுங்க தாராளமா செலவு பண்ணுவாங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இனி அவர் முயலை விடுவாரா? ஈயக் குழாய் என்றால் தண்ணீரிலும் ஈயம் இருக்க வேண்டுமென்று சட்டமா, நூற்றுமுப்பது வருடத்தில் குழாய்க்குள் பாசி பிடித்துப் பாதுகாப்புப் போட்டிருக்காதா என்று நாள் முழுக்க வழக்காடினார். கடைசியில் ரோனா பரிசோதனைச்சாலைக்கு ஃபோன் செய்தாள். மறுநாள் மோய்ரா கின்னியர் என்கிற பெண்மணி ஒரு காலி பாட்டிலோடு வந்தார்.

"ராத்திரி படுக்கப் போனதுக்கப்புறம் யாரும் ஒரு குழாயும் தொறக்கக் கூடாது, மிஸ்டர் ராமேஜ். டாய்லெட்லகூடத் தண்ணி விடக் கூடாது. காலைல சமையலறைக் குழாய்ல வர்ற முதல் தண்ணிய அப்படியே இதுல புடிச்சு வெச்சிடுங்க. ராத்திரியெல்லாம் குழாய்க்குள்ளயே நின்ன தண்ணிதான் எங்களுக்கு வேணும்."

"நான் பாத்துக்கறேன்," என்றார் டூகல். சொன்னபடியே பார்த்துக்கொண்டார்.

காலை ஐந்தரை. வீடு அசையவில்லை. டூகல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குழாய்முன் நின்றார். அவருக்கு மனசு கேட்கவில்லை. படம் எடுக்க ஆள் வந்தால் நாம் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டுதானே நிற்போம்? ஊர் பேர் தெரியாத ஒரு பரிசோதனைச்சாலைக்கு நம் வீட்டுத் தண்ணீரைத் தூங்கியெழுந்த மூஞ்சியோடு அனுப்புவதா? பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, புத்தம் புதிதாக, சில்லென்று வருகிற தண்ணீரைப் பிடிப்போம். இது ஏமாற்றா? இல்லவே இல்லை. தண்ணீருக்கு நியாயமான ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் ஓடவிடுகிற தண்ணீரைச் சும்மா சாக்கடைக்கு அனுப்ப டண்டீக்காரரால் முடியுமா? முதலில் கெட்டிலை நிரப்பிக்கொண்டார். பிறகு ஓடவிட்டார். பாட்டிலைப் பிடித்தார். டீ போட்டார். மூன்று கோப்பை. ஒன்றைக் குடித்துவிட்டு, சீட்டியடித்தபடி மற்ற இரண்டையும் மாடிக்கு எடுத்துப் போனார்.

பத்து நாளில் முடிவு தபாலில் வந்தது. ஈயம் லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராமுக்கும் கீழே. பத்துவரை இருக்கலாமாம்! டூகல் அந்தக் காகிதத்தைக் காந்தப் பறவையாலேயே ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தார். வாழ்க்கையில் அவர் நம்பிய முதல் கடிதம் அது. மதியத்துக்குள் தெருவில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டியாகிவிட்டது. லண்டன் மைத்துனருக்கு ஃபோனும் போயிற்று.

மூன்றாம் நாள் மோய்ரா கின்னியர் மறுபடி வந்து கதவைத் தட்டினார்.

"ஒரு சந்தேகம், மிஸ்டர் ராமேஜ். படிக்குக் கீழ ஈயக் குழாய். தண்ணியோ மென்மையான தண்ணி. மென்மையான தண்ணிதான் ஈயத்த நல்லாக் கரைக்கும். ராத்திரி முழுக்க நின்னும் ரெண்டுகூட வரலன்னா எங்கயோ இடிக்குது. தண்ணிய எப்படிப் புடிச்சீங்க?"

வெற்றி பெற்றவன் வாய் சும்மா இருக்குமா? நுணலும் தன் வாயால் கெடும்.

"முறையாத்தான் புடிச்சேன். கால் மணி நேரம் ஓடவிட்டு, நல்ல தண்ணியாப் பாத்து!"

ரோனா தலையில் கை வைத்துக்கொண்டாள். மோய்ராவுக்குக் கோபம் வரவில்லை. இந்தக் குலத்தாரை அவருக்குப் பழக்கம்.

"சரி, அந்த முதல் தண்ணி சாக்கடைக்குப் போயிடுச்சு."

"சாக்கடைக்கா?" டூகலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு சொட்டு வீணாக்கல. எப்பவும்போல மொதத் தண்ணி கெட்டிலுக்குத்தான்."

"எப்பவும்போலயா?"

"தெனமும் நான்தான் டீ போடறேன். எல்ஸ்பெத்துக்கு ஒண்ணு, எம் பொண்ணுக்கு…"

மேஜைமேல் ரோனாவின் காலைக் கோப்பை கழுவாமல் இருந்தது. அடியில் இன்னும் ஒரு வாய் டீ.

"கொதிக்க வெச்சா போயிடும்ல?" என்றார் டூகல். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கிருமி போகும். ஈயம் போகாது. தண்ணிதான் கொஞ்சம் ஆவியாப் போகும்."

இரண்டரை மாதம். எழுபத்தைந்து காலை. ராத்திரியெல்லாம் ஈயத்தில் ஊறிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பிடித்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, படியேறிக் கொண்டுபோய், வயிற்றுப் பிள்ளைக்காரியின் தலைமாட்டில் வைத்த கை அவருடைய கை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் பரவாயில்லை. இவர் மகள் தலையில் போட்டிருந்தார். டூகல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம், கலப்படமில்லாத பயம்.

"என்னத் திட்டேன், ரோனா," என்றார்.

"நாளைக்குத் திட்டறேன்ப்பா. இன்னிக்கு நீங்களே பாவமா இருக்கீங்க."

இந்த முறை ரோனாவே முதல் தண்ணீரைப் பிடித்தாள். முடிவு நாற்பத்தொன்று. பிரசவ மருத்துவமனையில் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்த முடிவு வரும்வரை டூகல் டீ குடிக்கவில்லை. எல்ஸ்பெத்துடன் வம்புக்கும் போகவில்லை. அதுதான் அவளை ரொம்பக் கவலைப்படவைத்தது. மூன்றே நாளில் ஆள் பிடித்து, வாசல் ரோஜாச் செடிகளைத் தானே பிடுங்கி வழிவிட்டு, தெருவிலிருந்து வீட்டுக்குள்வரை நீல நிற பிளாஸ்டிக் குழாய் போடவைத்தார்.

ரத்த முடிவு நாளன்று மூவரும் போனார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனா பயப்படற அளவு இல்ல. நல்லவேளை, சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க. பிரசவம் வரைக்கும் அப்பப்பப் பாத்துக்குவோம்," என்றார்.

டூகலின் கண் நிறைந்துவிட்டது. அதே மூச்சில், பழக்க தோஷம், வாயும் திறந்துவிட்டது.

"பாத்தீங்களா, ஒண்ணும்…"

எல்ஸ்பெத்தும் ரோனாவும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தொரு வருடத்தில் முதன்முறையாக டூகல் ராமேஜ் அந்த வாக்கியத்தைப் பாதியில் விழுங்கினார்.

இப்போது அவர் சட்டைப்பையில் ஒரு இருபது பென்ஸ் நாணயம் எப்போதும் இருக்கிறது. தெருவில் வீடு வீடாகப் போய், "உங்க படிக்குக் கீழ ஒரு நிமிஷம் குனிஞ்சு பாக்கலாமா?" என்கிறார். போன வாரம் ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். "இருவது வருஷமா இதத்தான் குடிக்கிறோம், டூகல். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!" என்றார். டூகல் வீட்டுக்கு வந்து, இந்த மாதிரி முட்டாள்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று எல்ஸ்பெத்திடம் ஒரு மணி நேரம் குதித்தார். அவள் ஃப்ரிட்ஜிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

சிரித்தீர்களா? நல்லது. சிரிக்கும்போது மனசுக்குள் ஒரு ஓரமாக, 'நல்லவேளை, நம் வீட்டில் அதெல்லாம் கிடையாது' என்று சொல்லிக்கொண்டீர்களே, எனக்குக் கேட்டது. குனிந்து பார்த்துவிட்டா சொன்னீர்கள்? பார்க்கவில்லை, அப்படித்தானே? சரி, போகட்டும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். இன்று காலை உங்கள் வீட்டுக் குழாயில் வந்த முதல் தண்ணீரை நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்?