பச்சை வராத பேரியம்

"பேரியம்னா சொன்னீக?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"ஆமா பெரியவரே, பேரியம். இந்த டம்ளரை முழுசாக் குடிச்சிட்டு எக்ஸ்ரே மெஷின் முன்னால நிக்கணும். வயிறு படத்துல பளிச்சுனு விழும்" என்றாள் நர்ஸ் ஞானஜோதி.

டம்ளரில் கெட்டியான வெள்ளைக் கரைசல் தளும்பியது. வெள்ளைத்துரை அதைக் குனிந்து பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏளா மாடத்தி, பையை எடு. ஊருக்குப் போவோம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக மருந்து கலக்குகிறவர் அவர். பச்சை மத்தாப்பு பச்சையாக எரிவது பேரியத்தால்தான் என்பதும், அதை விரலால் தொட்டால் கை கழுவாமல் வெற்றிலை போடக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். போன வருஷம் அவர் மனைவி மாடத்தியின் வெள்ளாடு ஒன்று பேரியச் சாக்கை நக்கிவிட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. சினையாடு வேறு. மாடத்தி அந்த ஆட்டுக்காக இன்னும் அழுவாள்.

ஆனால் பையை எடுத்துக்கொண்டு போய்விடவும் முடியாது. கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர் சுந்தர்ராஜ், ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் சோதித்துக் கடிதம் வாங்கி வந்தால்தான் கலவை அறைக்குள் விடுவேன் என்று சொல்லிவிட்டார். கடிதம் இல்லாதவர்களுக்கு வாசல் காவல். வெள்ளைத்துரைக்கு அறுபத்தொன்று. அவர் வாசலுக்குப் போனால் கலவை அறை அவருடைய மச்சினன் கருத்தப்பாண்டிக்கு. அவன் இப்போதே உள்ளே போய்த் தராசைத் தனக்குத் தோதாக நகர்த்தி வைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம். சீசன் நேரத்தில் தன் தராசை அந்தப் பயல் தொடுவதை நினைத்தாலே வெள்ளைத்துரைக்கு நெஞ்சு அடைத்தது.

அந்த நெஞ்சையும் காலையிலேயே படம் எடுத்தாயிற்று. எக்ஸ்ரே எடுக்கிற தேவமணி அதிகம் பேசாத ஆள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மட்டும் சொன்னார். விடச் சொல்ல மறந்துவிட்டார். வெள்ளைத்துரை கண் பிதுங்க நின்று, "விடவா?" என்று கையாலேயே கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரி என்றால் இவ்வளவுதான் என்று வெள்ளைத்துரை தெம்பாக இருந்தார். அப்போதுதான் ஞானஜோதி டம்ளரோடு வந்தாள்.

"பேரியத்தைக் குடிச்சிட்டு எவனும் உசுரோட இருக்க முடியாது தாயி. நான் கலக்குற ஆளு. எனக்கே சொல்றீகளா?"

"இது வேற பேரியம் பெரியவரே."

"பேரியத்துல வேற பேரியம் ஏது?"

"அப்ப டாக்டர் ஐயாவைக் கூப்பிடுதேன்" என்று ஞானஜோதி உடனே போய்விட்டாள். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. வெள்ளைத்துரைக்கே அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

டாக்டர் மாணிக்கராஜ் தங்கமான மனிதர். பசி வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். மணி பத்தரை ஆகியும் அன்று அவருக்கு வீட்டிலிருந்து இட்லி வந்து சேரவில்லை. மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"இட்லி என்னம்மா ஆச்சு?"

"வந்துக்கிட்டே இருக்கு ஐயா. அதுக்குள்ள இவரை ஒரு வார்த்தை பாருங்க."

டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "இங்க பாரும். நீர் கலக்குறது பேரியம் நைட்ரேட். அது தண்ணியில கரையும், உடம்புல ஏறும், ஆளைக் கொல்லும். இது பேரியம் சல்பேட். கரையவே கரையாது. உள்ள போன மாதிரியே வெளிய வந்துரும்."

"அப்ப எரிச்சுக் காட்டுங்க."

"என்னது?"

"எங்க தொழில்ல சரக்கு வந்தா வாயால கேட்டு வாங்க மாட்டோம் அய்யா. ஒரு சிட்டிகை எரிச்சுப் பாத்துத்தான் இறக்குவோம். பச்சையா எரிஞ்சா அது என் பேரியம். நான் எந்திரிச்சுப் போயிருதேன்."

டாக்டர் ஊசி கொதிக்க வைக்கிற ஸ்பிரிட் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். தீப்பெட்டி யாரிடம் இருக்கிறது என்று தேடினார்கள். வெள்ளைத்துரை கையை விரித்தார். தீப்பெட்டியோடு கம்பெனிக்குள் நுழைந்தால் வேலை போய்விடும் என்பதால், இருபத்தெட்டு வருஷமாக அவர் மடியில் அந்தச் சாமானே கிடையாது. ஒருவழியாக விளக்குப் பற்றியது. அவர் ஒரு விளக்குமாற்றுக் குச்சியின் நுனியை நனைத்து, கரைசல் கலக்கிய டப்பாவிலிருந்த வெள்ளைப் பொடியைத் தொட்டுத் தீயில் காட்டினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். குச்சி மஞ்சளாக எரிந்து கருகியது.

"பச்சை வரலை" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அப்பாடா" என்றார் டாக்டர். "இப்பக் குடியும்."

"எப்படிக் குடிப்பேன்? டப்பாவுல பேரியம்னு எழுதியிருக்கு. எரிச்சா பச்சை வரலை. எவனோ உங்க தலையில சுண்ணாம்பைக் கட்டிட்டான் அய்யா."

டாக்டர் எழுந்துவிட்டார். "யோவ், அஞ்சு நிமிசம் முந்தி விசம்னீரு. இப்பப் போலிங்கிறீரு. ரெண்டுல எதுய்யா?"

"எதுவா இருந்தாலும் குடிக்கிறதுக்கில்லையே."

வெளியே பெஞ்சில் அதே வெள்ளை மருந்துக்காக நான்கு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். பேச்சு அங்கே போய்ச் சேரும்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டது. ஒரு வாத்தியார், தனக்கு வயிற்றுவலி காலையிலேயே நின்றுவிட்டதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார். ஒரு அம்மாள், "ஆட்டைக் கொன்ன மருந்தாமே" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மற்ற இருவரும் எழுந்து நின்று செருப்பைத் தேடினார்கள்.

"பாத்தீரா? என் ஆஸ்பத்திரியையே காலி பண்ணிட்டீரு" என்றார் டாக்டர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, அந்த இட்லி?"

"இன்னும் வரலை ஐயா" என்றாள் ஞானஜோதி. "இவுக யாரும் இனிக் குடிக்க மாட்டாக போலிருக்கு. யாராச்சும் ஒருத்தர் குடிச்சுக் காட்டுனாத்தான் உண்டு."

"கொண்டாம்மா இங்க" என்றார் டாக்டர்.

டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. டாக்டர் வாசல்படிக்கு வந்து, நாலு பேரும் பார்க்க, மூக்கைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். மீசையில் வெள்ளையாக ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன சொல்றீரு?" என்று கேட்டார்.

எல்லோரும் வெள்ளைத்துரையைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் மாடத்தி முந்திக்கொண்டாள்.

"அந்த ஆடும் மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு."

வாத்தியார் குடையோடு இரண்டடி பின்னால் போனார்.

"ஏளா, நீ சும்மா இரு" என்றார் வெள்ளைத்துரை. டாக்டரின் துணிச்சல் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "அய்யா, விசம் இல்லைன்னு ஒத்துக்கிடுதேன். ஆனா போலி இல்லைன்னு எப்படித் தெரியும்? நல்ல சரக்குன்னா மெஷின்ல பளிச்சுனு விழும்னு இந்தப் பிள்ளைதான் சொல்லுச்சு. உங்க வயித்துல விழுதான்னு காட்டுங்க. விழுந்தா மறுபேச்சு இல்லாம நான் ரெண்டு டம்ளர் குடிக்கேன்."

ஐம்பத்தெட்டு வயது டாக்டர், சொந்த ஆஸ்பத்திரியில், ஒரு பட்டாசு மேஸ்திரியிடம் சரக்குச் சுத்தமென்று நிரூபிக்கச் சட்டையைக் கழற்றினார். வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம், ரோஷம் எல்லாவற்றுக்கும் மேலே. மெஷின் ஏற்கெனவே சூடேறித் தயாராக இருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார் தேவமணி.

"விடச் சொல்ல மறந்துருவாரு, பாத்துக்கோங்க" என்று வெளியிலிருந்து எச்சரித்தார் வெள்ளைத்துரை.

படம் கழுவி வர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை ஒருவரும் நகரவில்லை. டாக்டர் சாகவில்லை. அதைப் பார்த்து வாத்தியார் குடையைக் கீழே வைத்தார். அழுத அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுப் பெஞ்சில் இடம் பிடித்தாள். தேவமணி ஈரம் சொட்டும் படத்தைக் கிளிப்பில் மாட்டி எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பின் நடுவே டாக்டரின் இரைப்பை வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

வெள்ளைத்துரை நெருங்கி நின்று பார்த்தார். நியாயம் தெரிந்த மனிதர். "நல்ல சரக்குத்தான். பேரியத்துக்கு எரியாத சாதி ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

டாக்டர் சிரித்தார். அன்று காலையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஆனா அய்யா, கலவை ஒரு சீரா இல்லையே. அம்புட்டும் வழுவழுன்னு இருக்கு, இந்த ஓரத்துல மட்டும் மிளகு கணக்கா என்னமோ வெளிய துருத்திக்கிட்டு நிக்குது பாருங்க. என் மருந்துல இப்படி ஒரு கட்டி விழுந்தா அந்த லோடையே ஒதுக்கிருவேன்."

"எங்க?" என்று டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அது கட்டி இல்லை. புண்" என்றார். "ஆழமாத்தான் இறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்."

"யாருக்கு அய்யா?" என்று கேட்டாள் மாடத்தி.

"எனக்குத்தான்மா."

தான் செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் வெள்ளைத்துரை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதருக்கு இப்படி வந்துவிட்டதே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. டாக்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பப் பாத்ததுனால பொழைச்சேன். பாலும் மாத்திரையும் பத்தியமுமா இருந்தா ஆறிரும். வேலையா இருக்கேன், வேலையா இருக்கேன்னு நானே தள்ளிப் போட்டுக்கிட்டு வந்தது." பிறகு குரலை உயர்த்தினார். "இந்தக் கண்ணையா உங்க கம்பெனியில வாசல்ல உக்கார வைக்கப் போறாக?"

ஞானஜோதி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினாள். நெஞ்சு சுத்தம், ஆள் கலவை வேலைக்குத் தகுதி என்று இருந்தது. அதன் கீழே டாக்டர், கண்பார்வை தன்னுடையதைவிட மேல் என்று தன் கைப்பட ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். வெள்ளைத்துரை அதை மடித்து, மாடத்தியின் பையில் வெற்றிலைக்கு அடியில் பத்திரப்படுத்தினார். நாளைக் காலையில் கருத்தப்பாண்டி நகர்த்திய தராசைப் பழைய இடத்துக்கு நகர்த்துவதுதான் முதல் வேலை. அவன் முகத்துக்கு எதிரேதான் நகர்த்தவேண்டும்.

சொன்ன சொல் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ரெண்டு டம்ளர் குடிக்கேன்னு சொல்லியிருந்தேன் தாயி. ஊத்துங்க."

"உங்களுக்கு வேண்டாம், நீங்க கிளம்புங்க. சாத்தூர் பஸ் போயிரும்" என்றாள் ஞானஜோதி.

வெளியே பெஞ்சில் வாத்தியார் முதல் ஆளாக டம்ளரை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை அவருக்கு, ஒரே மடக்கில் குடித்துவிடும்படி அனுபவசாலிபோல யோசனை சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். "பாத்தியாளா, டாக்டருக்கே நோய் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு வாரேன்" என்றார். மாடத்தி மறுக்கவில்லை.

கேட் வரைக்கும் வழியனுப்ப வந்த தேவமணி, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"உங்க கம்பெனி கேட்டது நெஞ்சுப் படம் மட்டுந்தான் பெரியவரே. ஏழு வருசமா வயித்தைத் தேய்ச்சுக்கிட்டே திரியிற இந்த டாக்டரைப் பேரியம் குடிக்க வைக்க முடியலை. 'பட்டாசு மருந்து கலக்குற ஆளு ஒருத்தர் வரட்டும், அதுவரைக்கும் பொறுங்க'ன்னு ஞானஜோதிதான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. காலையில உங்களைப் பாத்ததும் முதல் வேலையா ஐயாவோட இட்லியை நிறுத்திருச்சு."