காய்ந்திருந்த ஒரே வேட்டி

"உங்கடை வேட்டி இன்னும் ஈரம், வாத்தியார்" என்றார் கட்டாடி மாணிக்கன்.

உரும்பிராயில் நாலு நாளாக அடைமழை. மாணிக்கனின் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஊரார் வெளுக்கப் போட்ட துணியெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு பரமலிங்கம் வாத்தியார் நின்றார். நாலு பேர் கூடும் இடத்துக்குக் கட்டிப் போக அவரிடம் இருந்தது ஒரே ஒரு வேட்டி. அதுதான் கொடியில் தொங்கியது.

அந்த வேட்டியிலும் ஒரு சங்கடம் உண்டு. பின்பக்கம் நைந்து கிழிந்த இடத்தில் மனைவி குணலட்சுமி உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தாள். வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போதுகூடப் பிள்ளைகளுக்கு முதுகு காட்டமாட்டார். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துதான் எழுதுவார். அதைப் பிள்ளைகள் கண்டிப்பு என்று நினைத்தார்கள். கண்டிப்புக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குப் போகாமல் விடவும் முடியாது. சிறுவயது முதல் கூடித் திரிந்த தம்பிராசா, மலாயாவில் இருபத்தேழு வருடம் றெயில்வேயில் இருந்து, பென்சனோடு வந்து கல்வீடு கட்டியிருந்தார். வந்து ஆறு மாதமாகியும் பரமலிங்கம் அந்தப் பக்கம் போகவில்லை. ஐம்பது வயதில் பழைய சிநேகிதனை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்ற குழப்பத்திலேயே ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் தம்பிராசாவே கரைபோட்ட வேட்டியும் சுருட்டுமாக வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளின் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள், பிறந்த துடக்குத் தீட்டைக் கழித்துப் பேர் வைக்கிறோம் என்றார்.

பேச்சு வாக்கில் சுருட்டுப் பொறி ஒன்று அந்தப் புது வேட்டியில் விழுந்தது. பரமலிங்கம் பாய்ந்து அவர் தொடையில் பளாரென்று அறைந்து அணைத்தார். மிளகளவு ஓட்டை விழுந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அந்த ஒரு நிமிடம்தான் பணம் என்ற ஒன்று இடையில் இல்லாதிருந்தது.

"நீ வராட்டில் நான் பேரனுக்குப் பேர் வைக்கமாட்டன், பரமு" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பிராசா படலையைத் தாண்டினார்.

வாத்தியார் நின்ற கோலத்தைப் பார்த்து மாணிக்கனுக்கு மனம் இளகியது. அவருடைய மகனைப் பரமலிங்கம்தான் பள்ளிக்கூடத்தில் முன்வாங்கில் இருத்திப் படிப்பித்தவர்.

"ஒண்டுதான் காய்ஞ்சிருக்கு. ஆரின்ரை வேட்டி எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

வாத்தியார் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவர், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வேட்டியை வாங்கி அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சால்வையும் எடுத்து, மழை சற்று விடும்வரை நின்று தம்பிராசா வீட்டுக்கு நடந்தார்.

தம்பிராசா வீட்டு விறாந்தையில் பாயில் உட்கார்ந்து, கொசுவத்தை ஒழுங்காக இழுத்துவிட்டபோதுதான் கண்ணில் பட்டது. தொடைக்கு நேரே மிளகளவு ஓட்டை. சுற்றிலும் கருகிய விளிம்பு.

பரமலிங்கம் சட்டென்று கையால் ஓட்டையைப் பொத்தினார். துடக்குக் கழிவென்றால் வீட்டிலுள்ள உடுபுடவை முழுவதும் கட்டாடியிடம் போகும். அவர்தான் வெளுத்து மாற்றுத்துணி கொண்டுவர வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விசயம் படிப்பித்த மனிதனுக்கு மட்டும் காலையில் ஞாபகம் வரவில்லை. சிநேகிதனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு சிநேகிதனின் வீட்டுக்கே விருந்துக்கு வந்தாயிற்று.

முதலில் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடியில் போட்டார். ஓட்டை மறைந்தது. ஆனால் மழைக்குளிரில் வெறும் மேல் நடுங்கத் தொடங்கியது. தம்பிராசாவின் மனைவி மீனாம்பிகை கண்டுவிட்டு, காய்ச்சல்போல் இருக்கிறதே என்று கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் சால்வையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கி மடியில் வைத்தார்.

அது அதைவிடப் பிழையாகப் போயிற்று. தட்டம் யாருடைய மடியில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள். ஆளாளுக்கு வந்து குனிந்து, வெற்றிலையைப் புரட்டி, பாக்குப் பொறுக்கிப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த சப்பாத்துக்கால் மனிதர் ஒருவர் கையைத் தட்டி, "உந்தத் தட்டத்தை இஞ்சாலை கொண்டு வாரும்" என்றார்.

மறுத்தால் தட்டத்தை மடியிலிருந்து எடுக்க வேண்டிவரும். பரமலிங்கம் தட்டத்தைத் தொடையோடு அணைத்தபடி எழும்பிப் போனார். அதைக் கண்ட மற்றவர்களும் கூப்பிட்டார்கள். கடைசியில் விறாந்தை முழுவதும் சுற்றி வெற்றிலை பரிமாறி முடித்தார். தட்டம் வெறுமையானதும் யாரோ நிறைத்து இன்னொன்றைக் கையில் வைத்தார்கள்.

இவ்வளவையும் தம்பிராசா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நடுக்கூடத்தில் சாய்மனைக் கதிரையில், முழங்காலுக்கு மேல் மலாயாக் கம்பளி ஒன்றைப் போர்த்தியபடி, வந்தவர்களுக்கெல்லாம் இருந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டினார். பரமலிங்கம் படியேறி வந்தபோதும் அதே தலையாட்டல்தான். அவருடைய பார்வை ஒருமுறை பரமலிங்கத்தின் வேட்டிக் கரையில் விழுந்து சட்டென்று விலகியது.

பிடிபட்டுவிட்டோம் என்று பரமலிங்கத்துக்கு விளங்கிவிட்டது.

பேர் வைக்கும் நேரம் வந்தது. ஐயர் பிள்ளையின் அம்மப்பாவைக் கும்பத்தடிக்கு வரச் சொன்னார். தம்பிராசா அசையவில்லை. பிள்ளையைத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். ஐயரும் பின்னால் போகவேண்டியதாயிற்று. ஐயரையே கதிரையடிக்கு வரவைக்கிற அளவுக்குக் காசு வந்துவிட்டது என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

"பரமு, கிட்ட வா. நீதான் பிள்ளையின்ரை காதிலை பேரைச் சொல்லவேணும்."

எல்லாரும் வழிவிட்டார்கள். தட்டத்தோடு போய்ப் பிள்ளையின் காதில் பேர் சொல்ல முடியுமா? தட்டத்தை வைத்தால் ஓட்டை. "கால் விறைச்சுப்போச்சு" என்றார் பரமலிங்கம். சற்றுமுன் விறாந்தை முழுவதும் நடந்து வெற்றிலை கொடுத்த கால் அது. யாரோ சிரித்தார்கள். தம்பிராசாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பேரை அவரே சொன்னார்.

பந்திக்கு இலை போட்டபோது பரமலிங்கத்தால் தாங்க முடியவில்லை. மெல்ல எழும்பிப் படியடிக்குப் போனார்.

"சாப்பிடாமல் எங்கை போறாய்?" என்று தம்பிராசா கதிரையிலிருந்தே கேட்டார்.

"பள்ளிக்கூடத்திலை கொஞ்சம் வேலை கிடக்கு."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். விருந்து வீட்டிலிருந்து கை நனைக்காமல் போவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதும் தெரியும். தம்பிராசா கதிரையின் இரண்டு கையையும் அழுத்திப் பாதி எழும்பினார். பத்து அடி வந்து கையைப் பிடித்திருந்தால் போதும், பரமலிங்கம் நின்றிருப்பார். அதற்காகவே ஒரு நிமிடம் படியில் காத்தும் நின்றார்.

பாதி எழும்பினவர் திரும்ப இருந்துவிட்டார்.

பரமலிங்கம் இறங்கி நடந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாலு பேருக்கு முன்னால் கூச்சமில்லாமல் முதுகு காட்டி நடந்தது அன்றைக்குத்தான். அந்தச் சுகத்தை அனுபவிக்கிற மனநிலையில் அவர் இல்லை.

வீட்டில் குணலட்சுமி போட்ட பழஞ்சோற்றைப் பிசைந்தபடியே, நாற்பது வருடச் சிநேகிதம் இன்றோடு சரி என்றார். தம்பிராசா எழும்பி வந்து ஒரு சொல் சொல்ல முடியாத அளவுக்குத் தான் கீழே போய்விட்டாரா என்று கேட்டார். பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினார்.

மறுநாள் வெயில் எறித்தது. பரமலிங்கம் வேட்டியை நாலாக மடித்துக்கொண்டு போய் மாணிக்கனின் அழுத்துகிற பலகையில் வைத்தார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்த வசனத்தை ஒப்புவித்தார்.

"உந்த வேட்டியைக் கொண்டுபோய்த் தம்பிராசாவிட்டைக் குடு. பரமலிங்கம் இனி அந்தப் படி மிதிக்கமாட்டான் எண்டும் சொல்லு. சிநேகிதன் பசியோடை இறங்கிப் போறான், கதிரையை விட்டு எழும்ப மனம் வரேல்லை அந்த மனிசனுக்கு."

மாணிக்கன் துணி அழுத்திக்கொண்டிருந்த கரிப்பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். வாத்தியாரின் முகத்தை நேரே பார்க்க அவரால் முடியவில்லை.

"நீங்கள் போன கையோடை தம்பிராசா ஐயா வீட்டு ஆள் வந்து நிண்டது, அவருக்குக் கட்ட ஒண்டுமில்லை எண்டு. மற்றதெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம், அரைவாசி காய்ஞ்சிருந்த உங்கடை வேட்டியைத்தான் அவசரத்திலை அழுத்திக் காயவைச்சுக் குடுத்துவிட்டனான். அவர் எழும்பினால் பின்பக்கத்து ஒட்டுத் தெரியுமெல்லோ, வாத்தியார்?"