பாக்டீரியா வளர்க்க மறுப்பது குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தோட்டத்து மீன் குளத்துக்கு ஃபில்டர் அமைக்க நீங்கள் வரைந்து அனுப்பிய திட்டம் கிடைத்தது. படம் அழகாக இருக்கிறது. அதன்படி செய்ய முடியாது என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

முப்பத்தொரு வருஷம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். ஒரு நகரமே நான் வடிகட்டிய தண்ணீரைக் குடித்தது, ஒருத்தருக்கும் வயிற்றைக் கலக்கியதில்லை. எனக்குப் போய் ஒன்பது மீனுக்குத் தண்ணீர் வடிகட்டத் தெரியாதா? சின்ன பம்பு போதும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் நிலையத்தில் எதையும் தேவைக்கு மூன்று மடங்காகத்தான் போடுவோம், அந்த வழக்கப்படி பெரியதாக வாங்கிப் பொருத்தி சுவிட்சைப் போட்டேன், மீன்கள் ஒன்பதும் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ஒரே மூலையில் ஒதுங்கின, தண்ணீர் மதிலைத் தாண்டிப் போய்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மடியில் விழுந்தது, அவர் சொட்டச் சொட்ட வந்து கேட்டபோது சோதனை ஓட்டம் என்றேன், எத்தனை நாள் ஓடும் என்றார், அது இலாகா ரகசியம் என்று சொல்லிவிட்டு வால்வை முக்கால்வாசி மூடினேன்.

அதைக்கூட விடுங்கள். கடைசி வரியில், ஃபில்டருக்குள் வைக்கிற ஸ்பாஞ்சில் பாக்டீரியா வளர ஆறு வாரம் ஆகும், அதுவரை கழுவ வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மாப்பிள்ளை, பாக்டீரியாவைக் கொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபின் அதையே வீட்டில் உட்கார்ந்து வளர்த்தால், என்னோடு வேலை பார்த்தவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? மீன் கழிவைத் தின்று தண்ணீரை நல்லதாக்குவதே அதுதானாம், மகள் போனில் அரை மணி நேரம் பாடம் எடுத்தாள். நல்ல பாக்டீரியா என்று ஒன்றை எங்கள் இலாகாவில் யாரும் கண்டதில்லை. தினமும் காலையில் ஸ்பாஞ்சைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் முக்கி, நாலு முறை அலசி, வெயிலில் காயவைத்துத்தான் மாட்டுகிறேன். மாட்டுவேன்.

மீன்களுக்கும் இது பிடித்துத்தான் இருக்கிறது. நான் போய் நின்றால் ஒன்பதும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வேலையில் இருந்த காலத்தில் என்னைக் கண்டு ஒருத்தரும் இப்படி ஓடி வந்ததில்லை. எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. உங்கள் அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"அதுங்க ஒண்ணும் உங்களப் பாக்க வரல. மூச்சு முட்டி வருதுங்க," என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஒன்பதையும் பல் டாக்டர் கிளினிக்கில் இருக்கிற கண்ணாடித் தொட்டிக்குக் கொடுத்துவிடுவாளாம். என் மீன்கள் பல்வலிக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளுவதா? மீனையும் கொடுக்க மாட்டேன், ஸ்பாஞ்சையும் கழுவாமல் விட மாட்டேன். யார் சொன்னாலும் சரி.

இருவரும் சகல நலமும் பெற்று, எதை வளர்ப்பதானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டு வளர்த்து, பல்லாண்டு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
பிரியமுள்ள மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குளத்தருகே யாரும் இல்லை. ஒன்பதும் மேலேதான் இருக்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. தபாலுக்கு நேரமில்லை, இதை அப்படியே போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். உங்கள் வீட்டு மீன் தொட்டியில் ஓடுகிற ஃபில்டரின் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு இன்றைக்கே வாருங்கள். வழியில் காயவிடாதீர்கள். தயவுசெய்து கழுவிவிடாதீர்கள்.